போனை அவர் கையிலேயே விடுங்கள்: பார்வை இழந்தவருக்கு ஸ்மார்ட்போன் பழக்கும் முறை

என் பெரியப்பாவுக்கு கிளாகோமா. கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி, ஓரத்திலிருந்து உள்பக்கமாகப் பார்வை சுருங்கிக்கொண்டே வரும் நோய் அது. இழந்த பார்வை திரும்பாது. பெருந்துறைப் பக்கம் தோட்டம், மஞ்சள் வெள்ளாமை. ஈரோட்டு மஞ்சள் விலை தினமும் வாட்ஸ்அப் குழுவில் வரும். அதைப் பார்க்கப் பேரனைக் கூப்பிடுவார். அவன் போனை வாங்கிப் பார்த்து, விலையைச் சொல்லிவிட்டுத் திருப்பித் தருவான். போன் பேச, பணம் அனுப்ப, எல்லாவற்றுக்கும் இதே கதை. ஆறு மாதத்தில் பெரியப்பா போனைத் தொடுவதையே விட்டுவிட்டார். "எனக்கெதுக்குக் கண்ணு அது, நீங்களே வெச்சுக்கங்க" என்றார். நாங்கள் எல்லோரும் நல்ல மனதோடு உதவித்தான் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தோம்.

வீட்டில் ஒருவருக்குப் பார்வை மங்கிவிட்டது, இனி போனை என்ன செய்வது என்று வெசனப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பார்வை இழந்தவரே கேட்டுப் படிக்கக்கூடும் என்பதால் படம் எதுவும் போடவில்லை. சொல்வதை எல்லாம் சொல்லாகவே சொல்லியிருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு கேள்வி

"போனில் உங்களுக்கு முதலில் என்ன வேணுங்க?" என்று கேளுங்கள். நாமாக முடிவு செய்யக் கூடாது. நான் பெரியப்பாவுக்குச் செய்தி கேட்கக் கற்றுக்கொடுக்கலாம் என்று போனேன். அவருக்கு வேண்டியிருந்தது இரண்டே இரண்டு: வருகிற அழைப்பு யாருடையது என்று தெரியவேண்டும், மஞ்சள் விலை தெரியவேண்டும். அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டுதான் மற்றதெல்லாம் வந்தது. தனக்கு வேண்டிய வேலை என்றால் விரல் பத்து முறை தவறினாலும் பதினோராவது முறை முயலும்.

தமிழ்க் குரலை முதலில் ஏற்றுங்கள்

ஆண்ட்ராய்டு போனில் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் கருவியின் பெயர் டாக்பேக். 2009 முதல் ஆண்ட்ராய்டில் உள்ளது. காசு கிடையாது. பெரும்பாலான போன்களில் ஏற்கெனவே இருக்கும். ஐபோனில் இதே வேலையைச் செய்வது வாய்ஸ்ஓவர். நம் ஊரில் பெரும்பாலோர் கையில் ஆண்ட்ராய்டுதான் இருப்பதால் அதையே வைத்துச் சொல்கிறேன். கம்பெனிக்குக் கம்பெனி, பதிப்புக்குப் பதிப்பு மெனுவில் சிறு வேறுபாடு இருக்கும்.

பலர் செய்யும் தவறு, எடுத்த எடுப்பில் டாக்பேக்கை இயக்கிவிடுவது. உள்ளே ஆங்கிலக் குரல் மட்டும் இருந்தால், தமிழில் வந்த செய்தியைத் தாண்டிப் போய்விடும், அல்லது புரியாத எதையோ உளறும். அதைக் கேட்டுப் பயந்தவரை மறுபடி உட்காரவைப்பது கடினம். ஆகவே செட்டிங்ஸில் ஆக்ஸசிபிலிட்டி பகுதிக்குப் போங்கள் (போன் தமிழில் இருந்தால் அணுகல்தன்மை). அதில் எழுத்தைப் பேச்சாக மாற்றும் பகுதியைத் திறந்து, கூகுளின் பேச்சு எஞ்சினைத் தேர்ந்தெடுத்து, தமிழ்க் குரலைப் பதிவிறக்குங்கள். வேகத்தை நன்றாகக் குறைத்து வையுங்கள். பழகியவர்கள் நமக்குப் புரியாத வேகத்தில் கேட்பார்கள், அது பிற்பாடு. போனின் மொழியையும் தமிழுக்கு மாற்றலாமா என்று அவரையே கேளுங்கள். என் பெரியப்பாவுக்குத் தமிழ்தான் சரிவந்தது. இங்கிலீஷ் மெனுவுக்கே கை பழகிய சின்ன வயதுக்காரர்களுக்கு அப்படியே விடுவது நல்லது.

திரைப் பூட்டு கோடு போடும் வகை என்றால் மாற்றிவிடுங்கள். டாக்பேக்கோடு அது பெரும் தொல்லை. கைரேகை இருந்தால் அதை வையுங்கள். ரீஸ்டார்ட் ஆனால் கைரேகை மட்டும் போதாது, எண்ணும் கேட்கும். அந்த எண் அவருக்கு மனப்பாடமாக இருக்கவேண்டும்.

டாக்பேக்கை இயக்குதலும், அணைத்தலும்

ஆக்ஸசிபிலிட்டியிலேயே டாக்பேக் இருக்கும். இயக்கும் முன் அதன் ஷார்ட்கட்டைத் திறந்து வையுங்கள்: இரண்டு வால்யூம் பட்டன்களையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால் டாக்பேக் வரும், மறுபடி அழுத்தினால் போகும். இது பார்வை உள்ளவர்களுக்கும் அவசியம். டாக்பேக் ஓடும்போது போன் நாம் பழகியபடி வேலை செய்யாது. ஒரு தட்டுத் தட்டினால் திறக்காது, ஒரு விரலால் தள்ளினால் நகராது. போன் கெட்டுவிட்டது என்று நினைத்து ரிப்பேர் கடைக்குத் தூக்கிப்போன வீடுகளை எனக்குத் தெரியும்.

வழி மிக எளிது. விரல் எதைத் தொடுகிறதோ அதன் பெயரைப் போன் சொல்லும். அதுதான் வேண்டும் என்றால் திரையில் எங்கே வேண்டுமானாலும் இரண்டு தட்டு. அதே இடத்தில்தான் தட்டவேண்டும் என்பதில்லை. இதை நன்றாக விளக்கிச் சொல்லுங்கள், பாதிப் பயம் போய்விடும். வலப்பக்கம் ஒரு தள்ளு தள்ளினால் அடுத்தது, இடப்பக்கம் தள்ளினால் முந்தையது. பக்கத்தை மேலே கீழே நகர்த்த இரண்டு விரல். பேச்சை நிறுத்த இரண்டு விரலால் ஒரு தட்டு. பழைய போன்களில் இது இருக்காது.

முதல் வாரம் முழுக்க இதுதான்

பொழுதோட வேலை எல்லாம் ஓய்ந்த பிறகு, கட்டிலில் உட்கார்ந்து பதினைந்து நிமிடம். அதற்குமேல் வேண்டாம். காதாலேயே கவனிப்பது களைப்பான வேலை. டிவியை அணைத்துவிடுங்கள், ஒறம்பரை வந்திருந்தால் அன்றைக்கு விடுமுறை.

போன் அவர் கையில் இருக்கட்டும். அவர் விரலைப் பிடித்து நகர்த்தாதீர்கள். எனக்கு இது மிகக் கஷ்டமாக இருந்தது. வாட்ஸ்அப் எங்கே என்று என் கண்ணுக்குத் தெரிகிறது, அவர் விரல் அதற்கு அரை அங்குலம் தள்ளி அலைகிறது, என் கை தானாக நீளுகிறது. கையை மடியில் கட்டிக்கொண்டு வாயால் சொல்லுங்கள். "இங்க", "அங்க", "அந்த பச்சை" என்று சொல்லாதீர்கள். "கீழ் வரிசையில் இடது மூலை" என்று சொல்லுங்கள்.

தள்ளுவதில்தான் வயதானவர்கள் தடுமாறுவார்கள். மெதுவாக இழுத்தால் போன் அதைத் 'தேடுவது' என்று எடுத்துக்கொள்ளும், வெடுக்கென்று தள்ளினால்தான் 'அடுத்தது'. மேசையில் ஒட்டியிருக்கும் ஒரு பருக்கைச் சோற்றைச் சுண்டிவிடுவதுபோல என்றேன், பெரியப்பாவுக்குப் பிடிபட்டது. மம்பட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல் நுனியைத் திரை சரியாக உணராமல் போவதும் உண்டு. நுனியை விட்டு விரலின் வயிற்றுப் பகுதியால் தட்டச் சொல்லுங்கள், விரலை லேசாக ஈரம் செய்து துடைத்துக்கொண்டாலும் உதவும்.

முகப்புத் திரையைக் காலி செய்யுங்கள். நான்கு மூலைக்கு நான்கு: போன், வாட்ஸ்அப், கேமரா, யுபிஐ. நடுவில் ஒன்றும் வேண்டாம். போனின் விளிம்பைத் தடவி மூலையைக் கண்டுபிடிப்பது எளிது. வைத்த இடத்தை ஒருபோதும் மாற்றாதீர்கள். அடுப்படியில் உப்புச் சாடியை இடம் மாற்றினால் எப்படியோ அப்படித்தான் இதுவும். கீழே பின்செல், முகப்பு என்று மூன்று பட்டன் வரும் முறையையும் செட்டிங்ஸில் தேர்ந்தெடுங்கள். ஓரத்திலிருந்து இழுக்கும் முறையைவிட அது கைக்குப் பிடிபடும்.

வாட்ஸ்அப்பும் மஞ்சள் விலையும்

எழுத்தடிப்பதைப் பிறகு பார்க்கலாம். கீபோர்டில் உள்ள மைக்கைத் தட்டித் தமிழில் பேசினால் எழுத்தாக வந்துவிடும். வாய்ஸ் மெசேஜுக்கு, மைக் மேல் விரல் வந்ததும் இரண்டு தட்டில் இரண்டாவது தட்டை விடாமல் அழுத்திப் பிடித்துப் பேசி, முடிந்ததும் விடவேண்டும்.

வந்த செய்திகளைக் கேட்பதில்தான் மற்றவர்களின் பங்கு தொடங்குகிறது. "naalaikku varen" என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் அடித்து அனுப்பினால் குரல் அதைக் கடித்துக் குதறும். சொந்தபந்தங்களிடம் சொல்லிவையுங்கள்: தமிழ் எழுத்தில் அனுப்புங்கள், இல்லையென்றால் பேசி அனுப்புங்கள்.

அடுத்தது படம். மஞ்சள் விலை எங்கள் குழுவில் படமாகத்தான் வந்துகொண்டிருந்தது. கலர் கலராக, விரலி இவ்வளவு, கிழங்கு இவ்வளவு, குவிண்டாலுக்கு என்று. கண்ணுள்ளவர்களுக்கு அழகு. டாக்பேக்குக்கு அது வெறும் 'படம்'. அத்தனை பாடுபட்டு வாட்ஸ்அப்பைத் திறந்து, குழுவைக் கண்டுபிடித்து, கடைசிச் செய்திக்கு வந்து சேர்ந்தவரிடம் போன் 'படம்' என்று சொல்லி நிறுத்தியபோது அவர் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். அன்றே குழுவை நடத்துகிறவரைக் கூப்பிட்டு, "படத்துக்குக் கீழே ரெண்டு வரி எழுத்தாப் போட முடியுங்களா?" என்று கேட்டேன். "இதுக்கென்னங்க, போட்டாப் போச்சு" என்றார். மறுநாளிலிருந்து வருகிறது. தொழில்நுட்பத்தால் முடியாத வேலை ஒரு போன்காலில் முடிந்தது. கேட்காமல் இருந்துவிடாதீர்கள். அப்படிக் கேட்க முடியாத இடத்தில் கூகுள் லென்ஸ் படத்தில் உள்ள எழுத்தைப் பிரித்தெடுத்துத் தரும். ஆனால் எண்களைத் தப்பாகப் படிக்கவும் கூடும். விலை விஷயத்தில் அதை மட்டும் நம்பவேண்டாம்.

இணையதளத்தில் நடமாடுவது

பார்வையுள்ளவர் பக்கத்தை ஒரே வீச்சில் பார்க்கிறார். கேட்டுப் படிப்பவருக்குப் பக்கம் ஒரு நூல் மாதிரி, ஒவ்வொன்றாகத்தான் வரும். மேலேயிருக்கும் நாற்பது லிங்கையும் கேட்டு முடித்துத்தான் செய்திக்கு வரவேண்டும் என்றால் யாரும் படிக்கமாட்டார்கள். அதற்குத்தான் தலைப்புவாரியாகத் தாவும் வழி இருக்கிறது. மூன்று விரலால் மேலோ கீழோ தள்ளினால் எதைக் கொண்டு தாவுவது என்பது மாறிக்கொண்டே வரும்: எழுத்து, சொல், தலைப்பு, லிங்க். 'தலைப்பு' என்று கேட்டதும் நிறுத்தி, ஒரு விரலால் கீழே தள்ளிக்கொண்டே போனால் தலைப்புகள் மட்டும் வரும். பஸ்ஸில் ஊர்ப்பெயர்களை மட்டும் கேட்டுக்கொண்டே போய் நம் ஊர் வந்ததும் இறங்குவதைப் போல. இரண்டாம் மாதத்தில் இதைக் கற்றுக்கொடுங்கள். இதைப் பிடித்துக்கொண்டவர் பிறகு யாரையும் தேடமாட்டார்.

ஆனால் தளத்தை எழுதியவர் தலைப்பைத் தலைப்பு என்று குறித்திருக்கவேண்டும். எழுத்தைப் பெரிதாக்கி, தடிமனாக்கி விட்டால் கண்ணுக்குத்தான் அது தலைப்பு. பட்டன்களும் அப்படித்தான். பெயர் வைக்காத பட்டனைத் தொட்டால் 'பெயரிடப்படாத பட்டன்' என்றுதான் குரல் வரும். அப்படி ஒரு பட்டனை ஒரு முறை கண்டுபிடித்துவிட்டால் டாக்பேக் மெனுவில் நாமே அதற்குப் பெயர் வைத்துவிடலாம், பல ஆப்களில் இது வேலை செய்யும்.

தமிழுக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. பழைய தளங்களும் பிடிஎஃப்களும் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருக்கும். கண்ணுக்குத் தமிழ், உள்ளே இருப்பதோ இங்கிலீஷ் எழுத்துகளும் குறிகளும். திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும், ஆக ஒரு வார்த்தை புரியாது. கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூன் மாதத்திலேயே தமிழக அரசு, தமிழைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடை ஏற்றுக்கொண்டது. இருந்தும் இன்றுவரை ஸ்கேன் செய்த தாள்களும் பழைய எழுத்துருவும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அப்படி ஒன்று வந்தால் அவருக்குப் போன் தெரியவில்லை என்று நினைக்காதீர்கள். தவறு தாளில் இருக்கிறது.

கம்ப்யூட்டரில் வேலை செய்கிற வயதுக்காரர் என்றால் என்விடிஏ என்ற திரைவாசிப்பான். பார்வையில்லாத ஆஸ்திரேலிய இளைஞர் ஒருவர் 2006இல் தொடங்கியது, விண்டோஸுக்கு இலவசம், தமிழும் படிக்கும். மவுஸ் வேண்டாம். எச் விசை அடுத்த தலைப்பு, கே அடுத்த லிங்க், பி அடுத்த பட்டன், கன்ட்ரோல் அழுத்தினால் பேச்சு நிற்கும். இந்த நான்கு போதும், ஒரு நாளில் செய்தித்தளம் படித்துவிடலாம்.

பணம்

இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். பார்வை போன ஒருவரின் யுபிஐ பின் நம்பர் பெரும்பாலும் வீட்டில் இரண்டு மூன்று பேருக்குத் தெரிந்திருக்கும். அன்பானவர்களாகவே இருக்கட்டும். ஐம்பது வருடம் தன் காசைத் தானே எண்ணியவர், பேத்திக்கு நூறு ரூபாய் கொடுக்கக்கூட மகனிடம் சொல்லவேண்டி வருவது பெரிய இழப்பு.

முதலில் ஒரு சின்ன இயர்போன், ஒரு காதுக்கு மட்டும். போன் சொல்லும் எண்ணைப் பக்கத்தில் இருப்பவர் கேட்காமல் இருக்க அது வேண்டும். அடுத்து, டாக்பேக் மெனுவில் திரையை மறைக்கும் வசதி உண்டு. திரை இருண்டுவிடும், போன் ஓடிக்கொண்டே இருக்கும். கடைக்காரர் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. பிறகு புது பின் நம்பரை அவரே போடட்டும். நீங்கள் அறைக்கு வெளியே போய் நில்லுங்கள்.

பழகும்வரை உங்களுக்கே ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள். பெரியப்பா எனக்குப் பதினேழு முறை ஒரு ரூபாய் அனுப்பினார்.

ஓடிபி ஒரு தடை. குறுஞ்செய்திக்குப் போய், எண்ணைக் கேட்டு, திரும்பி வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். அறிவிப்பு மேலே வரும்போதே போன் வாசித்துவிடும், அதை மனதில் வாங்கி அடிக்கப் பழகவேண்டும். வளைந்த எழுத்துகளைப் படத்தில் காட்டி அடிக்கச் சொல்லும் கேப்ட்சா இன்னொன்று. ஒலிவடிவம் இருந்தால் அதைத் தேடச் சொல்லுங்கள், இல்லாத இடத்தில் பக்கத்திலிருப்பவரை அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் கேட்கலாம்.

கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்லும் இணையவழி அடையாளச் சரிபார்ப்பு மிகவும் கொடுமையானது. ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தவர்களும் பார்வையில்லாதவர் ஒருவரும் தொடுத்த வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொல்லி, கண் சிமிட்டுவதற்கு மாற்று வழி உட்பட 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. வங்கியில் "கண் சிமிட்டுனாத்தான் ஆகுமுங்க" என்று சொன்னால் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள். நான் ஒரு கிளையில் சொன்னேன். நேரில் ஆளை வைத்துச் சரிபார்த்து அன்றைக்கே முடித்துக்கொடுத்தார்கள்.

நோட்டு அடையாளம் காண ரிசர்வ் வங்கியின் மணி ஆப், 2020 ஜனவரியில் வந்தது. கேமராவுக்கு முன் நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும், இணைய இணைப்பு வேண்டாம். நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று மட்டும் அதனால் சொல்ல முடியாது.

முழுப் பார்வையிழப்பு இல்லாதவர்களுக்கு

கொஞ்சம் பார்வை இருப்பவருக்கு உடனே டாக்பேக் வேண்டியதில்லை. எழுத்தைப் பெரிதாக்குங்கள், நிறங்களைத் திருப்பிக் கறுப்பில் வெள்ளையாக்கிப் பாருங்கள், மூன்று தட்டில் திரையைப் பெருக்கும் வசதியைத் திறந்துவையுங்கள். சர்க்கரையால் விழித்திரை கெட்டவர்களுக்குப் பார்வை நாளுக்கு நாள் ஏறி இறங்கும். அவர்கள் இரண்டையும் பழகிவைத்துக்கொள்வது நல்லது.

காது கேளாதவருக்கு கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப். எதிரில் பேசுவது தமிழிலேயே எழுத்தாக ஓடும். டாக்டர் ரூமில் நன்றாக வேலை செய்கிறது, தறி ஓடுகிற கொட்டகையில் ஒன்றும் வராது. தமிழைத் தாய்மொழிபோலச் சரளமாக வாசிக்காத, சைகை மொழியிலேயே வளர்ந்தவருக்கு எழுத்து போதாது, வீடியோ காலே நல்லது.

கை நடுங்குபவர்களுக்கு, அழுத்திப் பிடிக்கும் நேரத்தை நீட்டுவதும், திரும்பத் திரும்பப் படும் தொடுதலைக் கணக்கில் எடுக்காமல் விடச் சொல்வதும் ஆக்ஸசிபிலிட்டியில் உண்டு. இரண்டாவது எல்லாப் போன்களிலும் இருக்காது. இயந்திரத்தில் விரல் போனவர்களுக்கு வால்யூம், பூட்டு, ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் பெரிய கட்டங்களாகத் திரையில் காட்டும் மெனு உதவும்.

கடை, கம்பெனித் தளம் வைத்திருப்பவர்களுக்கு நாலு வார்த்தை

திருப்பூரில் பனியன், சென்னிமலையில் பெட்ஷீட், பவானியில் ஜமக்காளம் என்று எல்லோரும் இணையத்தில் விற்கிறோம். உங்கள் தளத்தைத் திறந்து, மவுஸை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, டேப், என்டர் என்று கீபோர்டை மட்டும் வைத்து ஒரு பொருளை வாங்கிப் பாருங்கள். எங்கே சிக்கிக்கொள்கிறீர்களோ அங்கேதான் பார்வையில்லாத வாடிக்கையாளரும் சிக்குகிறார். ஒவ்வொரு படத்துக்கும் விவரம் எழுதச் சொல்லுங்கள்: 'ஐஎம்ஜி 2034' என்று இல்லாமல், 'சிவப்பும் பச்சையும் கோடு போட்ட பவானி ஜமக்காளம், ஆறுக்கு நாலு அடி' என்று. வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து வேண்டாம். வெப் தரங்களை வகுக்கும் அமைப்பின் அணுகல் விதிகள் சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1 என்ற நிற வேறுபாட்டைக் கேட்கின்றன. தளம் செய்துகொடுப்பவரிடம் இந்த எண்ணைச் சொன்னாலே அவருக்குப் புரியும். சேவைகள் மாற்றுத்திறனாளிகளும் அணுகும்படி இருக்கவேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் கேட்கிறது.

சிக்கினால் எங்கே போவது

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனால் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தைக் காட்டுவார்கள். அடையாள அட்டை இல்லையென்றால் அதை முதலில் வாங்குங்கள். கருவிகள், உதவித்தொகை பற்றியும் அங்கேயே கேட்கலாம். அரசுத் தளமோ ஆப்போ பயன்படுத்த முடியாமல் இருந்தால் மத்திய அரசின் சுகம்ய பாரத் ஆப்பில் புகார் போடலாம்.

அதைவிட உதவியானவர், ஏற்கெனவே டாக்பேக் பயன்படுத்துகிற இன்னொருவர். பார்வையில்லாத பள்ளி ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். நான் ஒரு மாதம் சொல்லிப் புரியாததை, கோபிசெட்டிபாளையத்தில் ஓர் ஆசிரியர் போனிலேயே இருபது நிமிடத்தில் பெரியப்பாவுக்குப் புரியவைத்தார். அவருக்குத் திரை எப்படி இருக்கும் என்று தெரியாது, விரல் எப்படிப் போகும் என்று தெரியும்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி. போன் அப்டேட் ஆனால் சில நேரம் தமிழ்க் குரல் காணாமல் போகும், வேகம் மாறிவிடும், முகப்பில் புது ஆப் வந்து உட்கார்ந்துகொள்ளும். தானாக அப்டேட் ஆவதை நிறுத்தி வையுங்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரும் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து, போன் அவர் கையில் இருக்க, அவரையே அதை அப்டேட் செய்யச் சொல்லுங்கள்.